வீட்டில் இன்னொரு கணக்கு டீச்சர் இல்லை: தில்லிப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தில்லியில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பள்ளிகளின் பிரின்சிபால்களுக்கும்,

வணக்கம். தமிழில் எழுதினால் உங்களில் பெரும்பாலோருக்குப் படிக்க வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் இருப்பவர்களில் சிலராவது படித்துவிடுவார்கள், மற்றவர்களுக்கு என் ஓட்டை இந்தியில் அடுத்த பிடிஎம்மில், அதாவது பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில், நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன். அதற்குள் மயூர் விஹார், ஆர்.கே. புரம், கரோல் பாக், துவாரகா என்று பரவிக் கிடக்கிற நம் ஆட்கள் நாலு பேர் இதைப் படித்துவிட்டு, "எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்று கூட வந்து நின்றால் போதும். தனியாளாகப் போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோர் வீட்டில் கணக்குக்கு உதவ வேண்டும் என்று வருஷம் முழுக்கச் சொல்கிறீர்கள். டயரியில் எழுதி அனுப்புகிறீர்கள், வாட்ஸப் குரூப்பில் போடுகிறீர்கள், பிடிஎம்மில் மார்க் ஷீட்டைக் கையில் கொடுத்துவிட்டு "கர் பே தியான் தீஜியே", வீட்டில் கவனியுங்கள், என்று முடித்து அடுத்த ஆளைக் கூப்பிடுகிறீர்கள். என்ன உதவி, எந்த வகுப்பில் எவ்வளவு, எந்த முறையில், எந்த இடத்தில் நாங்கள் கையை எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. ஒண்ணாவது படிக்கிற குழந்தையின் அம்மாவுக்கும் பத்தாவது படிக்கிற பையனின் அப்பாவுக்கும் அதே ஒற்றை வரிதான். எங்களுக்கு வேண்டியது வகுப்புவாரியான பதில்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சி பக்கம் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன், அப்புறம் பி.காம்., இப்போது இங்கே ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. பெரியவன் ஒன்பதாவது, சின்னவள் மூணாவது. எங்கள் வீட்டில் கணக்கு அம்மா டிபார்ட்மென்ட். பல வீடுகளில் அது அப்பாவுடையது, அம்மாவுக்குக் கணக்கு வராது என்பதைக் குழந்தை எதிரிலேயே சிரித்துக்கொண்டு சொல்வார்கள், பெண் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். சரி, அது நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டியது.

சின்ன வகுப்பிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது. இது என் ஆசை இல்லை, மத்திய கல்வி அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையில் இருப்பது. மூணாவது முதல் அஞ்சாவது வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம், அதுவும் எல்லாப் பாடமும் சேர்த்து. அதற்கும் முன்னால், 2018-இல், நம் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஎஸ்இ பள்ளிகள் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று உத்தரவே போட்டது. ஆனால் ஒண்ணாவதில் ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு ஒர்க்‌ஷீட் வந்தால் அதற்குப் பெயர் வீட்டுப்பாடம் இல்லையாம், 'வீக்எண்ட் ஆக்டிவிட்டி'யாம். பெயரை மாற்றினால் பென்சில் பிடிக்கிற கை வலிக்காது போலிருக்கிறது.

சின்ன வகுப்பில்தான் பெற்றோரால் அதிகம் செய்ய முடியும், அது ஒர்க்‌ஷீட்டில் இல்லை என்பதுதான் என் வருத்தம். மாடிப்படியை எண்ணுவது, தட்டில் எத்தனை இட்லி, இன்னும் இரண்டு வைத்தால் எத்தனை, மெட்ரோவில் ஏறினால் இறங்குவதற்கு இன்னும் எத்தனை ஸ்டேஷன், ராஜீவ் சௌக் தாண்டினால் எத்தனை குறையும், இப்படிப் பேசுவதற்குப் பள்ளிக்கூடம் போகாத பாட்டியே போதும். ஆங்கிலம் வேண்டாம், தமிழிலேயே பேசலாம், இருபத்து மூன்று என்பது எந்த மொழியில் எண்ணினாலும் அதே இருபத்து மூன்றுதான். இதைச் செய்யுங்கள் என்று ஒரு தாளில் பத்து வரி எழுதி ஜூலையில் கொடுத்தீர்களானால் அந்த ஒர்க்‌ஷீட்டைவிட நூறு மடங்கு உபயோகம்.

இதை நானாகச் சொல்லவில்லை, ஆய்வே இருக்கிறது. 2015-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்தார்கள். கணக்கென்றாலே பதறுகிற பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த வருஷம் கற்றுக்கொண்டது குறைவு, பயம் அதிகம். அதே மாதிரி பதறுகிறவர்கள்தான், ஆனால் அவ்வளவாக உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பைக் காணோம். அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வில், தூங்கப் போகும் முன் எண்கள் வருகிற குட்டிக் கதை ஒன்றைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து படித்துக் கேள்விக்கு விடை யோசித்தார்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை செய்தவர்களின் பிள்ளைகளிடமே வித்தியாசம் தெரிந்தது, அதிலும் அந்தப் பயந்தாங்கொள்ளிப் பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் அதிகமாகத் தெரிந்தது. ஆக, எங்களை உதவச் சொல்வது தப்பில்லை. எப்படி என்று சொல்லாமல் உதவச் சொன்னால், கணக்கோடு சேர்த்து எங்கள் பயத்தையும் பிள்ளைக்கு ஏற்றிவிடுவோம்.

இப்போது மூணாவதுக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான்.

503-இலிருந்து 278-ஐக் கழிக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவோம், 3-இல் 8 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு, பக்கத்தில் பூஜ்யம், அதுவே கையை விரிக்கிறது, சரி அடுத்த வீட்டில் 5-இடம் போ, அது 4 ஆகும், பூஜ்யம் 10 ஆகி அப்புறம் 9 ஆகும், கடைசியில் 3 என்பது 13, பதிமூன்றில் எட்டு போனால் ஐந்து. விடை 225. இந்தக் கடன் விவகாரம் எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. என் மகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததோ எண்கோட்டில் தாவும் முறை: 278-இலிருந்து 280-க்கு 2, அங்கிருந்து 300-க்கு 20, அங்கிருந்து 500-க்கு 200, அப்புறம் ஒரு 3. எல்லாம் சேர்த்தால் 225. முதலில் பார்க்கும்போது சுற்றி வளைக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஐநூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மார்க்கெட்டில் காய்கறிக்காரர் மீதியை எண்ணிக் கையில் வைப்பது அச்சு அசலாக இப்படித்தான், அவர் யாரிடமும் கடன் வாங்குவதில்லை.

நல்ல முறைதான். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பாருங்கள். ஒரு நாள் அவள் அப்பா சொல்லிக்கொடுத்தபடி கடன் வாங்கிக் கழித்துக்கொண்டு போனாள், விடை சரி, நோட்டில் சிவப்பு வட்டம், பக்கத்தில் 'மெத்தட் நாட் ஃபாலோட்'. சாயங்காலம் வீட்டுக்கு வந்த குழந்தை, அப்பாவுக்குக் கணக்கு தெரியாது என்று அறிவித்துவிட்டாள். அவர் ஒரு இன்ஜினியர். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு என்ன ஆகும்? பிள்ளை பள்ளிக்கு ஒரு முறை, வீட்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளும், பரீட்சையில் இரண்டும் குழம்பும், அல்லது வீட்டில் கேட்பதையே நிறுத்திவிடும். மாற்றி எழுதினால் சிவப்பு வட்டம் போடுவதற்குப் பதிலாக, 'இதுவும் சரி, நான் காட்டிய வழியிலும் ஒரு முறை செய்து பார்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அதையும்விடச் சுலபம், அந்த முறையைத் தொடங்கும் வாரத்தில் செய்து காட்டிய இரண்டு கணக்கைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டுவிடுவது. யூனிஃபார்ம் ஷூ எந்தக் கருப்பாக இருக்க வேண்டும் என்பதற்கே மூன்று படம் போடுகிறீர்கள்.

நாலாவது அஞ்சாவதில் வேறு தொல்லை, கணக்கு வாக்கியமாக வர ஆரம்பித்துவிடும். மீனாவிடம் 52 பாசிமணி, ரவியிடம் 35 பாசிமணி, 'ஹௌ மெனி மோர்' என்று கேள்வி. 'மோர்' என்று கண்ணில் பட்டதும் பிள்ளை கூட்டி 87 போட்டுவிடும். கழிக்கத் தெரியாமல் இல்லை, என்ன கேட்கிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. மீனா அளவுக்கு வர ரவிக்கு இன்னும் எத்தனை மணி வேணும் என்று தமிழில் கேட்டால் 17 என்று சட்டென்று வருகிறது. அஞ்சாவது வரையாவது முடிந்த இடங்களில் வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்வது 2020 தேசியக் கல்விக் கொள்கை. தில்லியில் தமிழில் கற்பியுங்கள் என்று கேட்கிற அளவுக்கு நான் கனவு காண்பவள் இல்லை, ஆனால் வார்த்தைக் கணக்கை வீட்டில் வீட்டு மொழியில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், அது பெற்றோர் வேலை, எந்த டிகிரியும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால், "எனக்கு இங்கிலீஷ் வராதே" என்று ஒதுங்கி நிற்கிற எத்தனையோ அம்மாக்கள் முன்னால் வருவார்கள்.

ஆறாவதில் புதுப் புத்தகம் வந்தபோது நடந்த கூத்து உங்களுக்கும் நினைவிருக்கும். மத்திய அரசுப் பாடநூல்களைத் தயாரிக்கிற என்சிஇஆர்டி 2024-இல் ஆறாம் வகுப்புக்குக் 'கணித பிரகாஷ்' கொண்டுவந்தது, அடுத்த வருஷம் ஏழுக்கும் எட்டுக்கும் அதே வரிசையில் வந்தது. ஆறாவது புத்தகத்தில் ஒரு பாடம் வரிசையாக நிற்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு எண் சொல்வதில் தொடங்குகிறது, பக்கத்தில் தன்னைவிட உயரமானவர் எத்தனை பேரோ அந்த எண். "இதுல கணக்கு எங்கங்க இருக்கு?" என்று எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் ராத்திரி பதினொரு மணி வரை பஞ்சாயத்து. மீ.பொ.வ., மீ.பொ.ம. என்று வாய்பாடாகப் படித்து வந்தவர்களுக்கு அது விளையாட்டாகத்தான் தெரியும். பள்ளியிலிருந்து ஒரு விளக்கமும் வரவில்லை, கடைசியில் பாதிப்பேர் பழைய மாதிரி கைடு ஒன்றை வாங்கிக்கொடுத்துவிட்டார்கள். புத்தகம் எழுதினவர்கள் என்ன நினைத்தார்களோ அது வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

ஆனால் அதே பாடத்தில் இருக்கும் ஒன்றைப் பாருங்கள். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949-இல் கண்டுபிடித்தது. நாலு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. வண்டி நம்பரையே எடுத்துக்கொள்ளலாம், 3524 என்று வைப்போம். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 5432, திருப்பி அடுக்கினால் 2345, கழித்தால் 3087. அதையும் அதே மாதிரி அடுக்கிக் கழித்தால், 8730-இலிருந்து 0378 போக 8352. மறுபடி, 8532-இலிருந்து 2358 போக 6174. இனி என்ன செய்தாலும் 6174-தான் வரும், வேண்டுமானால் 7641-இலிருந்து 1467-ஐக் கழித்துப் பாருங்கள். எந்த நம்பரில் தொடங்கினாலும் ஏழு தடவைக்குள் அங்கே வந்து நின்றுவிடும். கழித்தல் மட்டும் தெரிந்த எந்தப் பெற்றோரும் இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து செய்யலாம், பார்க்கிங்கில் நிற்கிற ஒவ்வொரு வண்டியையும் சோதித்துப் பார்க்கலாம், என் பையன் செய்தான். 'இந்த வாரம் வீட்டில் இதைச் செய்யுங்கள்' என்று சொல்லத் தகுந்த வீட்டுப்பாடம் என்றால் இதுதான், ஆனால் வந்ததென்னவோ அந்தப் பாடத்துக் கணக்கை எல்லாம் நோட்டில் காப்பி செய்து வரச் சொல்லி.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரிலோக்புரியிலிருந்து வருகிறார், சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். மகள் ஆறாவது, அரசுப் பள்ளி. தில்லி அரசுப் பள்ளிகளில் 2016 முதல் பெரிய அளவில் பிடிஎம் நடத்துகிறார்கள், நல்ல ஏற்பாடு, அக்கா அன்றைக்கு இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது முகம் தொங்கிப்போயிருக்கும். "வீட்டுல பாத்துச் சொல்லிக்கொடுங்கன்னாங்க அம்மா. எனக்கு என்ன தெரியும்னு நான் சொல்லிக்கொடுக்க?"

இதே அக்கா அவர்கள் தெருவில் ஏலச்சீட்டு நடத்துகிறார். இருபது பேர், ஆளுக்கு மாசம் இரண்டாயிரம், மொத்தம் நாற்பதாயிரம். ஒரு மாசம் ஒருவர் ஏழாயிரம் தள்ளி எடுத்தார் என்று வையுங்கள். எடுத்தவர் கைக்கு முப்பத்து மூவாயிரம், தள்ளின ஏழாயிரத்தை இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு முந்நூற்றைம்பது, ஆக இந்த மாசம் ஆளுக்கு ஆயிரத்து அறுநூற்றைம்பது கட்டினால் போதும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்வார், பேப்பர் இல்லை, போனில் கால்குலேட்டர் இல்லை. முதல் மாசமே எடுத்தால் எவ்வளவு நஷ்டம், கடைசி வரை இருந்தால் எவ்வளவு லாபம், அதை வட்டிக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பது வரை மனசிலேயே ஓடும். இதில் வகுத்தல் இருக்கிறது, சதவீதம் இருக்கிறது, கொஞ்சம் யோசித்தால் அவர் மகள் இன்னும் இரண்டு வருஷம் கழித்துப் படிக்கப்போகிற வட்டிக் கணக்கும் இருக்கிறது. மகளுக்கு அம்மா கணக்கில் கெட்டிக்காரி என்பது தெரியாது, ஏனென்றால் பள்ளியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, அக்காவுக்கும் தெரியாது. 'வீட்டில் என்ன கணக்கெல்லாம் போடுகிறீர்கள்?' என்று பிடிஎம்மில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தையல், சீட்டு, பால் கணக்கு, ஆட்டோவுக்குப் போடும் கேஸ், எல்லாம் வெளியே வரும். சதவீதப் பாடத்தை அந்தப் பெண் தன் அம்மாவிடம் சீட்டுக் கணக்குக் கேட்டுக்கொண்டு வந்து வகுப்பில் சொல்லித் தொடங்கலாமே. அப்போது 'வீட்டில் கவனியுங்கள்' என்கிற வரிக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும்.

ஏழு, எட்டில் நிலைமை தலைகீழாகிறது. நாங்கள் உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இடைஞ்சல் செய்கிற வகுப்புகள் இவை, என்னைக் கேட்டால். எங்களுக்கெல்லாம் விதி ஞாபகம் இருக்கும், காரணம் ஞாபகம் இருக்காது. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கத் 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்போம். ஏன் என்று பிள்ளை கேட்டால், கேட்காதே, மார்க் வாங்கு. முக்காலை அரைக்காலால் வகுத்தால் 6 வருகிறது, அதாவது முக்கால் கிலோவில் எத்தனை அரைக்கால் கிலோ என்று எண்ணினால் ஆறு, இதைத் தாத்தா காலத்து மளிகைக் கடைக்காரர் கேட்காமலே சொல்லியிருப்பார். சமன்பாட்டில் இன்னும் மோசம். 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று ஒரு மந்திரத்தைக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் 3x = 12 என்று வந்தால் பிள்ளை 3-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் மைனஸ் ஆக்கி 12 − 3 = 9 என்று எழுதுகிறது. மந்திரத்தின்படி சரிதான்! இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், இரண்டு பக்கமும் மூன்றால் வகுக்கிறோம், அதனால் 4, என்று வகுப்பில் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். வீட்டில் அதன் மேல் எங்கள் மந்திரம் ஏறிவிடுகிறது. இந்த இரண்டு வகுப்புகளிலும் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று எங்களுக்கு ஒரு பட்டியல் கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். பயிற்சி முடித்தாயா, எங்கே நின்றாய், நாளைக்கு டீச்சரிடம் கேட்க அந்த இடத்தைப் பென்சிலால் குறித்தாயா, இந்த மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னால் நிறுத்திக்கொள்வோம். ஆனால் குறித்துக்கொண்டு வந்த பிள்ளைக்குப் பதில் சொல்ல வகுப்பில் அஞ்சு நிமிஷம் இருக்க வேண்டும், நாற்பது பேருக்கும் மேல் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் அது உங்களுக்கும் லேசில்லை என்று புரிகிறது.

நிலைமை சும்மா என் கற்பனை இல்லை. 2024 டிசம்பரில் பிள்ளைகளின் கற்றலை அளக்க மத்திய அரசு நாடு முழுக்க நடத்திய பரக் சர்வேயில் கணக்கில் சராசரி மூணாவதில் 60 சதவீதம், ஆறாவதில் 46, ஒன்பதாவதில் 37. மேலே போகப் போகப் பள்ளிகள் எங்களை அதிகமாகக் கூப்பிட்டுக் கடிந்துகொள்கின்றன, எங்களாலோ மேலே போகப் போகக் குறைவாகத்தான் முடியும். நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தை நிரப்புவது டியூஷன். எட்டாவதிலேயே கோச்சிங் சென்டர்கள் நிறைந்த காலு சராய்க்கு அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளை போனில் கணக்கைப் படம் பிடித்து விடையைக் காப்பி செய்கிறது, ஸ்டெப்போடு வருவதால் உங்களுக்கும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஒன்பதுக்கு மேல் எங்களை விட்டுவிடுங்கள். நான் பி.காம். படித்தவள், தினமும் எண்களோடு வேலை, பையனின் பல்லுறுப்புக்கோவைக் கணக்கைப் பார்த்தால் ஏதோ பழைய ஊர்த் தெரு மாதிரி தெரிகிறது, வழி சொல்ல வரவில்லை. வரத் தேவையும் இல்லை. அவன் எனக்கு விளக்கிச் சொல்லட்டும், நான் புரியாத இடத்தில் 'ஏன்?' என்று கேட்கிறேன், பாதி நேரம் சொல்லிக்கொண்டே வரும்போது அவனே தப்பைக் கண்டுபிடிக்கிறான். இதற்குமேல் வீட்டில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. யூனிட் டெஸ்டில் மார்க் குறைந்தால் என்னைக் கூப்பிட்டு அரை நாள் லீவு போட வைப்பதைவிட, அவனை ஜீரோ பீரியடில் இருபது நிமிஷம் உட்கார வைத்தால் பலன் உண்டு.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒன்பது, பத்தாவதில் நாங்கள் கட்டாயம் வேண்டும், அங்கேதான் எங்களைக் கூப்பிடுவதே இல்லை. சிபிஎஸ்இ பத்தாவது கணக்கு 2020 தேர்விலிருந்து ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டாக இருக்கிறது. பாடத்திட்டம் இரண்டுக்கும் ஒன்றேதான், கேள்வித்தாள் மட்டும்தான் வேறு, இது தெரியாத பெற்றோர் எத்தனை பேர் என்று ஒரு கைதூக்கல் நடத்திப் பாருங்கள். பேசிக் என்றால் மட்டம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்து ஸ்டாண்டர்ட் எடுக்க வைத்து, பையன் மற்ற பாடங்களுக்கான நேரத்தையும் அதில் கொட்டிவிட்டு எல்லாவற்றிலும் சறுக்குகிறான். இன்னொரு பக்கம், பேசிக் எடுத்தால் பதினொன்றில் கணக்கு கிடைக்குமா என்பது. முதலில் கிடைக்காது, அப்ளைடு கணக்கு என்கிற வேறு பாடம்தான் என்று விதி இருந்தது, கொரோனா காலத்தில் தளர்த்தினார்கள், பின்னாலும் அந்தத் தளர்வை நீட்டித்தார்கள். இப்போது 2026-இலிருந்து பத்தாவதுக்கு வருஷத்தில் இரண்டு பொதுத்தேர்வு வேறு வந்திருக்கிறது. இதையெல்லாம் அந்தந்த வருஷத்து சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். எங்களுக்கு வருவதோ ஒரு படிவம், 'டிக் செய்து கையெழுத்துப் போட்டு நாளைக்குள் அனுப்பவும்'.

அதனால் கேட்கிறேன். அந்தப் படிவம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், ஒன்பதாவது முடியும் தறுவாயில், ஒரு சனிக்கிழமை காலை பெற்றோரை மட்டும் கூப்பிட்டு, இரண்டு மாதிரிக் கேள்வித்தாளையும் கையில் கொடுத்து, ஒரு மணி நேரம் விளக்குங்கள், இந்தியிலும் சொல்லுங்கள், அக்கா மாதிரி இருப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல நான் வருகிறேன், இன்னும் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே மாதிரி மூணாவதுக்கும் ஆறாவதுக்கும் ஏப்ரலில் ஒரு மணி நேரம், அந்த வருஷம் என்ன முறையில் நடத்தப் போகிறீர்கள் என்று போர்டில் போட்டுக் காட்டுங்கள். டீ, பிஸ்கட் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள், வேலை செய்கிற வீடுகளில் லீவு சொல்ல வேண்டியவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மூணாவதும் ஒன்பதாவதும் படிக்கிற இரண்டு பேரின் அம்மா,
மயூர் விஹார், தில்லி